புதிய வல்லூறு தேரை எரிக்கக் கேட்ட விண்ணப்பத்துக்கு விடை

நலம் நிலைக்க, ஏரிகள் நிறைக, எல்லைகள் அமைதி கொள்க. வெண்கோட நாட்டின் ஆறுகள் அனைத்துக்கும் உரியவரும், வழக்குக் கேட்க அமர்ந்தால் இரு தரப்பும் பேசி முடிக்கும்வரை எழாதவரும், குடிகளின் பெயரையும் குதிரைகளின் பெயரையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பவருமான பேரரசியார் எழினிமாதேவியாரின் திருவாணைப்படி, ஓலைநாயகம் அந்துவஞ்சாத்தன், மஞ்ஞைமலை நாடாள்வாரும், மேற்கணவாய்க் காவலரும், தேர் என்று எவரேனும் வாய்திறந்தால் உண்பதை நிறுத்திவிட்டுக் கேட்பவர் என நாடறிந்தவருமான விறற்கோவரையர் அவர்களுக்கு எழுதுவது. தங்கள் மலையில் பனி விலகி, தினை முற்றி, தங்கள் இல்லத்தார் யாவரும் நோயின்றி இருக்கப் பேரரசியார் வாழ்த்துகிறார்.

தாங்கள் விடுத்த விண்ணப்பம் வந்து சேர்ந்தது. ஓலைக்கட்டின் பருமனைக் கண்ட வாயிற்காவலர், கணவாயில் போர் மூண்டுவிட்டதென்று அஞ்சி ஓடிவந்தனர். பிரித்துப் படித்தபோது, அரசத் தச்சுக்கூடத்தில் இவ்வாண்டு புதுக்கிச் செய்யப்பட்ட வல்லூறு என்னும் விரைவுத்தேரின்மேல் தாங்கள் கொண்ட சினமே அத்தனை ஓலைகளையும் நிறைத்திருப்பது தெரியவந்தது. அது வல்லூறு அன்று, வல்லூற்றின் பெயரைத் திருடிக்கொண்ட வாத்து என்று எழுதியிருந்தீர்கள். உழவுத் திருநாள் ஓட்டத்தில் பழைய வல்லூறே ஓடவேண்டும் என்பது தங்கள் முதல் வேண்டுகோள். புதியதை நாற்சந்தியில் நிறுத்தி எரித்து, அந்தச் சாம்பலைத் தச்சுக்கூட வாயிலில் கொட்டவேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை இவ்வோலையின் கடைசியில் இருக்கிறது. எனினும், நடந்ததை முழுவதும் படித்த பின்னரே தாங்கள் விடைக்கு வரவேண்டும் என்பது பேரரசியாரின் விருப்பம். தங்கள் பொறுமையின் அளவை அறிந்தே இதை முதலில் எழுதச் சொன்னார்.

தாங்கள் அறிந்ததே எனினும் முறைக்காக எழுதப்படுகிறது. வல்லூறு நான்கு குதிரை பூட்டும் தேர் வகை; தச்சுக்கூடத்தில் அதில் பல செய்யப்படுவதுண்டு. ஆண்டுதோறும் உழவுத் திருநாளில் கீழ்க்கடல் நாட்டாரின் தேரோடு அது போட்டியிடும். அதை ஓட்டுபவர் அரசத் தேர்வலவர் ஆதன் அழிசியார். பழைய தேரில் நான்கு குதிரைகளின் கடிவாள வார்களையும் வலவர் தம் இடக்கை விரலிடுக்குகளில் தனித்தனியே பிடித்தாக வேண்டும். புதிய தேரில் அவ்வார்கள் யாவும் முன்கம்பத்திலுள்ள ஒரு வெண்கல வளையத்தில் வந்து கூடுகின்றன. வளையத்தைத் திருப்பினால் தேர் திரும்பும். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெயில் ஊறிய தோலைச் செருகியிருப்பதால், பழைய தேரின் ஓலம் இதில் எழுவதில்லை. நிற்கும் தட்டு அகன்றிருக்கிறது, முகப்பு தாழ்ந்திருக்கிறது, எடையும் சற்று ஏறியிருக்கிறது. மாற்றம் இவ்வளவே. இதற்குத்தான் நாடு இரண்டுபட்டது.

வளையம் எதற்கு என்று கேட்டவர்க்கெல்லாம், நெடுந்தூரம் தேரோட்டும் எல்லைத் தூதர்களின் கைவலி தீரட்டும் என்பதற்காக என்றே பெருந்தச்சர் பூதங்காரியார் விடை சொல்லிவந்தார். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. சென்ற திருநாள் முடிந்து நடந்த பயிற்சி ஒன்றில், வெளிப்புறக் குதிரை இடறி விழ, வார் இழுத்த இழுப்பில் அழிசியாரின் இடக்கை விரல்கள் மூன்று முறிந்தன. எலும்பு கூடியது; விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. கையை மேலாடைக்குள் வைத்துக்கொண்டே அவர் நடமாடியதைச் செருக்கு என்று எண்ணியோர் பலர். உண்மையை அறிந்தோர் அவரும், பெருந்தச்சரும், பேரரசியாரும் மட்டுமே. புதிய தேர் நிலைத்தால் அழிசியார் வலவராக நிலைப்பார். பழைய தேர் மீண்டால் அவர் தட்டைவிட்டு இறங்கவேண்டியதுதான். அவருக்கு வேறு தொழில் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை.

தங்கள் விண்ணப்பம் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தகாதென்று கருதிய பேரரசியார், தேரைப் பற்றிக் கருத்துள்ளோர் யாவரும் தேர்ப் பயிற்சி நடக்கும் செம்மண் வட்டத்துக்கு வருக என்று பறையறைவித்தார். இது பிழையாயிற்று. கருத்துள்ளோர் எத்தனை பேர் என்பதை அன்றுவரை எவரும் கணித்ததில்லை. கடைவீதி காலியாயிற்று. திருமண வீடொன்றிலிருந்து மணமகனே வந்து நின்றதாகவும், தாலி கட்டும் நேரத்துக்குள் திரும்பிவிடுவதாக உறுதி தந்து வந்ததாகவும் கேள்வி. தேரே இல்லாதவர் முன்வரிசையில் நின்றனர். தேர் உள்ளவர் தங்கள் தேரை நிழலில் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தனர். புதிய வல்லூறு வட்டத்தின் நடுவே நிற்க, அதன் அருகில் அழிசியார் குதிரைகளின் நெற்றியைத் தடவிக்கொண்டு, தம்மைப் பற்றியது எதுவுமே அங்கு நடக்கவில்லை என்பது போல நின்றார்.

முதலில் முன்வந்தவர் மணப்பொருள் வணிகர் காஞ்சையர். வல்லூறு என்றால் ஊர் எல்லையைத் தொடும்போதே வீட்டிலுள்ள பாத்திரம் அதிரவேண்டும் என்றும், பழைய தேரின் அச்சு ஓலத்தைக் கேட்டே தாம் மூன்று குழந்தைகளையும் தூங்க வைத்ததாகவும், இந்தப் புதியதோ வாசலில் வந்து நின்று குதிரை கனைத்த பின்னர்தான் வந்ததே தெரிகிறது என்றும், ஒலியில்லாத தேரில் போவதைவிடக் கட்டிலில் படுத்திருக்கலாம் என்றும் அவர் முறையிட்டார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர்.

அடுத்து இலக்கண ஆசான் கீரங்கண்ணர். இவர் எந்தத் தேரும் வாங்கியதில்லை. ஆயினும் இந்நாட்டில் இதுவரை செய்யப்பட்ட ஒவ்வொரு தேரின் எடையும், சக்கர அளவும், ஆரக்கால்களின் எண்ணிக்கையும் அவர் நாவில் உள்ளன. எடை ஏறிய தேர் விரைவுத்தேர் ஆகாது என்றும், தட்டை அகலமாக்கியது வலவர்க்காக அன்று, பின்னால் நின்று வரும் செல்வர்களின் வயிற்றுக்காகவே என்றும், வளையம் வைத்த தேரை ஓட்டுபவரை வலவர் என்று அழைப்பதே பிழை என்றும் அவர் வகுத்துரைத்தார். இறுதிச் சொல் அழிசியாரின் காதில் விழுந்தது. அவர் குதிரையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்த மீகாமன் உலோச்சனார், பழையதும் வேண்டாம் புதியதும் வேண்டாம் என்றார். கடல் கடந்த நாடுகளில் ஆறு குதிரைத் தேர்களைத் தாம் கண்டதாகவும், அவற்றின்முன் இவை இரண்டும் குடம் சுமக்கும் வண்டிகளே என்றும் கூற, அதுவரை தமக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த இரு தரப்பாரும் ஒன்றுகூடி அவரைத் திட்டினர். புதியதைப் புகழ்ந்தோரும் இல்லாமல் இல்லை. முகப்பு அழகென்றனர், முதுகுவலிக்காரர்க்கு ஏற்றதென்றனர், முதுகுவலிக்காரர்க்கு ஏற்றது என்பதே அதன் குறை என்று மறுதரப்பார் கூவினர். முகப்பைப் பார்த்தால் உறங்கி எழுந்த எருமை போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்கு, அதை வரைந்த பெருந்தச்சரே சிரித்துவிட்டார்.

இவ்வாறு பொழுது ஏறிக்கொண்டிருக்க, பேரரசியார் எழுந்து, ஏறுமொழி முறையை நினைவூட்டினார். ஒரு தேரைப் பற்றிக் கருத்துச் சொல்பவர், வலவரோடு அத்தேரில் நின்று வட்டத்தை ஒருமுறை சுற்றிவந்து, சொன்னதையே மீண்டும் சொல்லவேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். காலப்போக்கில் அது சடங்காகிவிட்டது. ஏறுபவர் மாலையும் பட்டும் அணிந்து நிற்க, குதிரைகளை ஆளொருவர் நடத்திச்செல்ல, ஊர்வலம் போல ஒரு சுற்று முடியும். அன்று வந்திருந்தோரில் பெரும்பாலோர் புதிய தேரை அறிந்தது அந்த ஊர்வல நடையில்தான். வெள்ளோட்டத்தின்போது தாங்களும் அவ்வாறே ஒரு சுற்று வந்தீர்கள் என்பது இவ்வோலை எழுதுவோன் நேரில் கண்டது. காற்றைவிட விரைவாக ஓடச் செய்த ஒன்றை, கோயில் யானையின் வேகத்தில் பார்த்துவிட்டு நாடு முழுவதும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது. இம்முறை குதிரைகள் முழு ஓட்டத்தில் ஓடட்டும் என்று பேரரசியார் ஆணையிட்டார்.

ஆணையைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு பகுதியினர்க்கு வீட்டு நினைவு வந்தது. மணமகன் அப்போதுதான் கிளம்பினார். எஞ்சியோரை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு அழிசியார் ஓட்டினார். வலக்கை வளையத்தில், இடக்கை மேலாடைக்குள். இதைக் கண்ணுற்றோர், இவர் ஒற்றைக் கையால் ஓட்டி வித்தை காட்டுகிறார் என்று வியந்தனர். அதை மறுக்காமல் இருந்ததற்காகத் தாம் வெட்கப்பட்டதாக அவர் பின்னர் இவ்வோலை எழுதுவோனிடம் சொன்னார்.

காஞ்சையரை இருவர் சேர்ந்து இறக்கவேண்டியிருந்தது. தரையில் அமர்ந்து சற்று நேரம் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த அவர், ஒலி இல்லை என்பதில் தாம் உறுதியாக இருப்பதாகவும், ஆனால் தாம் அலறிக்கொண்டிருந்தபடியால் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது என்றும் நேர்மையாகக் கூறினார். கீரங்கண்ணர் எடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தேர் நேர்வழியில் பாய்ந்தபோது தமக்கு அளவுகள் யாவும் மறந்துபோயின என்றும், அது வாழ்நாளில் முதல்முறை என்றும், மீண்டும் ஒருமுறை மறக்க இயலுமா என்றும் கேட்டார். உலோச்சனார் மட்டும் கால் தடுமாறாது இறங்கி, கடல் கடந்த தேரே மேல் என்று சொன்னதையே சொல்லிவிட்டுப் போய் நிழலில் அமர்ந்தார். சொல் மாறாதவர் என்ற வகையில் அவர் பெயர் இங்கு மதிப்போடு பதியப்படுகிறது.

இதன்பின் கூட்டத்தின் மனம் திரும்பத் தொடங்கியது. புதியதே இருக்கட்டும் என்ற குரல்கள் ஒன்று பத்தாக எழுந்தன. பெருந்தச்சரின் முகம் தெளிந்தது. அழிசியார் குதிரைகளின் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அக்குரல்களைக் கேட்டார். இன்னும் சற்று நேரம் எவரும் எதுவும் கேட்காதிருந்தால் போதும், திருநாளில் நாமே ஓட்டுவோம் என்று தாம் எண்ணிக்கொண்டிருந்ததாக அவர் பின்னர் சொன்னார்.

பேரரசியார் அவரை அழைத்தார். வலவரை ஏறுமொழி கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. அவர் தேரின் உறுப்பாகவே கருதப்படுபவர். ஆனால் இத்தேரில் எல்லாரையும்விட அதிகச் சுற்றுகள் சுற்றியவர் அவரே. ஆகவே அவர் சொல்லவேண்டும் என்று பேரரசியார் கேட்டார். கேட்டவர் அவரது கையின் நிலையை அறிந்தவர். தெரிந்துகொண்டே ஏன் கேட்டார் என்று பெருந்தச்சர் மனம் வருந்தினார். அன்று மாலை அரண்மனையில் அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். திருநாளில் நாடு தோற்றால் அந்தத் தோல்வியை ஓராண்டு முழுவதும் சுமக்கப்போகிறவர் அழிசியார்தான் என்றும், தேரில் குறை இருந்தால் அதை மறைத்து அவருக்கு நன்மை செய்ய இயலாது என்றும் பேரரசியார் விடையளித்தார். இவ்வோலை எழுதுவோனுக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது.

வட்டத்தில் அழிசியார் நன்று என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கூட்டம் ஆர்ப்பரித்து அவரைத் தோளில் தூக்கியிருக்கும். அவரோ குதிரைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நேர்வழியில் புதிய வல்லூறு பழையதைவிட விரைவானது. நெடும்பயணத்துக்கு இதைப் போல் ஒரு தேர் இதுவரை செய்யப்படவில்லை. தூதர்கள் இதைப் பெற்றால் பூதங்காரியாரின் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள் என்றார். ஆனால் வளைவில், உட்குதிரைக்கு மற்றவற்றைவிடக் கண்ணிமைப்பொழுது முன்னதாகச் சொல்லவேண்டும் என்றும், தனித்தனி வாராக இருந்தால் ஒரு விரல் அதைச் சொல்லும் என்றும், வளையமோ நான்குக்கும் ஒருசேரச் சொல்கிறது என்றும், அதனால் ஒவ்வொரு வளைவிலும் தேர் ஒரு குதிரை நீளம் பின்தங்குகிறது என்றும், திருநாள் ஓட்டமே வளைவுகளின் ஓட்டம் என்றும் சொன்னார். ஆகவே ஓட்டத்துக்குப் பழைய வல்லூறே மேல் என்று முடித்தார்.

கீரங்கண்ணர் எழுந்து, அப்படியானால் இத்தனை நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று வினவினார். குறை காணும் நோக்கில் அன்று. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். அழிசியார் இடக்கையை மேலாடையிலிருந்து வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார். மடங்காத மூன்று விரல்களை எல்லாரும் பார்த்தார்கள். பழைய தேரைத் தம்மால் இனி ஓட்ட இயலாது என்பதால் சொல்லவில்லை என்றும், அதைத் துணைவலவர் வேண்மாள் ஓட்டட்டும், அவர் விரல்கள் நல்லவை என்றும் அவர் கூறினார். வேண்மாள் அங்கேயே நின்றிருந்தார். இப்பதவிக்காக ஐந்தாண்டு காத்திருந்த அவர், அது கைக்கு வந்த அந்த நேரத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பழைய தேருக்காகக் காலையிலிருந்து தொண்டை வறளக் கத்தியவர்கள் வென்றுவிட்டார்கள். ஒருவரும் மகிழவில்லை. வளையம் பிடிப்பவர் வலவர் அல்லர் என்று சொன்ன கீரங்கண்ணர், தாம் சொன்னதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அழிசியார் பேரரசியாரிடம் ஒன்று மட்டும் வேண்டினார்: பின்னால் எவரும் ஏறாமல், தாம் மட்டும் ஒரு சுற்று சுற்றிவர இசைவு தரவேண்டும் என்றார். இசைவு தரப்பட்டது. அவர் ஏறி, குதிரைகளிடம் ஏதோ சொல்லிவிட்டு, தேரை விட்டார். இவ்வோலை எழுதுவோன் தேரைப் பற்றி அதிகம் அறியாதவன்; ஆயினும் அந்த ஒரு சுற்றைப் போல் ஒன்றை முன்னும் கண்டதில்லை, இனியும் காண்பான் என்று தோன்றவில்லை. அது முடிந்தபோது, நாட்டிலுள்ள தேர்ப்பித்தர்கள் யாவரும் கூடியிருந்த அவ்விடத்தில் எவரும் கருத்துச் சொல்லவில்லை.

நடந்தது இதுவே. இனி விடை.

தங்கள் முதல் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. திருநாள் ஓட்டத்தில் பழைய வல்லூறு ஓடும், வேண்மாள் ஓட்டுவார். ஆனால் தச்சுக்கூடத்திலிருந்த பழைய தேர்கள் யாவும் பிரிக்கப்பட்டு, அவற்றின் மரமும் இரும்பும் புதியவற்றுக்குப் போய்விட்டன. புதிதாக ஒன்று செய்து முடிப்பதற்குள் திருநாள் கடந்துவிடும். நாட்டில் ஆணி பிரியாமல் முழுதாக நிற்கும் பழைய வல்லூறு ஒன்றே ஒன்று. அது தங்கள் மாளிகைக் கூடத்தில், பட்டுப் போர்த்தி, கீறல் படும் என்று வெளியே எடுக்கப்படாமல் நிற்கிறது. அதனைப் போர்வை நீக்கி, அச்சுக்கு எண்ணெயிட்டு, இவ்வோலை கண்ட மறுநாளே தலைநகர் நெடுந்துறைக்கு அனுப்புக. ஓட்டத்தில் அது கீறப்படும். ஒருவேளை உடையவும் உடையும். பழைய தேரின் பெருமை அது ஓடுவதில் இருக்கிறது என்று தாங்களே எழுதியிருப்பதால், இதில் தங்களுக்கு வருத்தம் இராது என்று பேரரசியார் நம்புகிறார்.

தங்கள் இரண்டாம் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. புதிய வல்லூறு எரிக்கப்படாது. இந்நாட்டில் ஆதன் அழிசியார் ஓட்டக்கூடிய விரைவுத்தேர் அது ஒன்றே. அவர் இன்றுமுதல் எல்லைத் தூதர்களின் தலைவராக அமர்த்தப்பட்டார். அத்தேர் அவருக்கே உரியதாகப் பேரரசியாரால் வழங்கப்பட்டது. அதன்மேல் இனி எழும் கருத்துகளை, அவை எத்தனை ஓலையில் எழுதப்பட்டிருப்பினும், அரண்மனை ஏற்காது.

இவை பேரரசியாரின் ஆணை. மலையும் கடலும் இதற்கு எல்லை. மீறுவோர் பெறும் தண்டனைக்கு எல்லை இல்லை. ஏழாற்று இலச்சினை இட்டு, அரக்கு ஆறும்வரை அருகிருந்து, ஓலைநாயகம் அந்துவஞ்சாத்தன் கட்டியது.

இவ்வோலையைத் தங்களிடம் கொணர்ந்தவர் அழிசியார். நடந்ததைத் தங்களுக்குத் தாமே எடுத்துச் செல்வதாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அவருக்கு நீரும் சோறும் குதிரைகளுக்குக் கொள்ளும் தந்து, தங்கள் மறுவோலையை அவரிடமே அளிக்க. வலக்கையில் கொடுக்க; இடக்கை பிடிக்காது.